ஒரு வருடம் பொறுக்கச் சொன்னேன்

சிறப்புப் பயிற்றுநர் கொடுத்த விண்ணப்பத்தை மடித்து இடுப்பில் செருகியிருந்தார் பையனின் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா. முகாமில் பரிசோதித்து, அறிவுசார் குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாது என்று சான்று கொடுத்தால் மாதம் 2000 ரூபாய் உதவித்தொகைக்கு வழியுண்டு. "வாங்கட்டுமா, வேண்டாமா? நீயே சொல்லம்மா" என்றார். "ஒரு வருடம் பொறுத்துப் பார்ப்போம் அப்பாயி" என்றேன். "சரி, நீ படித்தவள்" என்று சொல்லிவிட்டு நடவுக்குப் போய்விட்டார்.

நான் சொன்னது யோசனை. அவர் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். அதுதான் உறுத்துகிறது.

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. பையனுக்கு எச்.ஐ.வி. தொற்று உண்டு; அப்படிப்பட்ட குழந்தைகளை வளர்ப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள் நான். எச்.ஐ.வி. தொற்றிய சிறிது காலத்திலேயே மூளைக்குள் போய்விடும். கவனம், நினைவாற்றல், கேட்டதைப் புரிந்துகொண்டு செய்யும் வேகம் எல்லாவற்றையும் அது பாதிக்கும். இவனுக்குத் தொற்று இருப்பதே அம்மா இறந்த பிறகு, ஐந்து வயதில்தான் தெரியவந்தது. எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து தொடங்கியது அதற்குப் பிறகு. அதற்குள் எத்தனை காய்ச்சல், எத்தனை நாள் பள்ளிக்குப் போகாமல் கிடந்தான்! வீட்டிலும் அவனோடு உட்கார்ந்து பேச ஆள் இல்லை. இந்தப் பிள்ளையை ஒரே காலைப் பொழுதில், முன்பின் அறியாத ஒருவர் அளந்துவிடுவாரே என்று பயந்தேன்.

'ஒரு வருடம்' என்பதும் வாய்க்கு வந்த கணக்கு அல்ல. உகாண்டாவில் எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளை வளர்ப்பவர்களுக்கு, அன்றாட வேலைகளுக்கு நடுவிலேயே குழந்தையோடு பேசி, கேட்டு, காட்டிக் கற்பிக்க ஓராண்டு பயிற்சி கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகளின் அறிவுத்திறன் முன்னேறியதாக 2013இல் ஆய்வு வெளிவந்தது. அதை நம்பித்தான் அப்பாயிக்குச் சொல்லிக்கொடுத்தேன்: நாற்று முடிகளை அவனை எண்ணச் சொல்லுங்கள், அடுத்து என்ன வேலை என்று அவனையே கேளுங்கள், இரவில் பல்லாங்குழி ஆடுங்கள். அவர் தட்டாமல் செய்தார். இப்போது எந்தக் குழியில் எத்தனை முத்து என்று பையன் பார்க்காமலே சொல்கிறான். இரண்டு வரி கோர்வையாகப் படிக்கிறான். வாய்ப்பாடு மட்டும் நிற்கவில்லை. இன்று சொன்னது நாளைக்கு இல்லை.

ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் பள்ளி வயதை எட்டாத குழந்தைகள். இவனுக்கு ஒன்பது வயது. அந்த வித்தியாசத்தை நான் அப்பாயியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் என்ன செய்திருப்பார்?

பணத்தை நினைத்தால்தான் மனம் ஆறுவதில்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்து நடவு நடந்தால்தான் அவருக்குக் கூலி. வருடத்துக்கு 24,000 ரூபாய் என்பது முட்டையாகவும் பாலாகவும் அந்தப் பிள்ளையின் வயிற்றுக்குப் போயிருக்கும். சத்துக்குறைவும் மூளை வளர்ச்சியைத்தான் தாக்கும் என்று வளர்ப்போர் கூட்டத்தில் பேசுகிறவளும் நான்தான்.

உடன் பணிபுரியும் அக்கா, "தற்காலிகச் சான்றிதழும் கொடுப்பார்கள். பணம் ஒரு பக்கம் வரட்டும், படிப்பை நீ ஒரு பக்கம் பார்த்துக்கொள்" என்கிறார். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மாற்றுத்திறனாளி அட்டை வருவதற்கு முன்பே அவனைக் கடைசி வரிசையில் உட்கார்த்திவிட்ட வகுப்பறையை நான் பார்த்திருக்கிறேன். அட்டையும் வந்துவிட்டால் அவனுக்கு யார் எழுத்தைக் காட்டுவார்கள்? தொற்றை வெளியே சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சான்றிதழ் எதற்கு என்று தெருவில் கேட்பவர்களுக்கு அந்தச் சட்டம் தெரியாது. இதையெல்லாம் சொல்லும்போதே, பையனைக் காக்கிறேனா, என் பயிற்சியின் மேல் எனக்குள்ள நம்பிக்கையைக் காக்கிறேனா என்ற கேள்வியும் வருகிறது. பையனைத்தான் என்று பெரும்பாலான நாட்களில் உறுதியாகச் சொல்வேன்.

அடுத்த முகாமில் அவனைப் பரிசோதிப்பதாக இருந்தால், ஒரே அமர்வில் முடிக்காமல் இரண்டு நாட்களாகப் பிரித்து, சாப்பிட்ட பிறகு, அப்பாயியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கும்படி சிறப்புப் பயிற்றுநரிடம் கேட்டிருக்கிறேன். முயல்வதாகச் சொன்னார். பரிசோதனை முடிவு எப்படி வந்தாலும் விண்ணப்பிப்பதா வேண்டாமா என்பதை அப்பாயியிடமே விட்டுவிடுவேன். பணத்தின் கணக்கு, படிப்பின் கணக்கு இரண்டையும் எடுத்துச் சொல்வேன். "நீ என்ன சொல்கிறாய்?" என்று மறுபடியும் கேட்டால் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்றுதான் சொல்வேன் என நினைக்கிறேன்.