கண்டியில் ஒரு மேசை

ஆகஸ்ட் 10, 2025, ஞாயிறு

டிரிக்சி வந்துவிட்டது. வின்டோஸ் போலக் கம்பியூட்டரை ஓட்டுகிற, தன்னார்வலர்கள் செய்து இலவசமாகத் தருகிற டெபியனின் 13ஆம் பதிப்பு. கடையைத் திறந்ததும் முதல் வேலையாக அறிவிப்பை வாசித்தேன், பிறகு ஒரு ஃபோட்டோகொப்பி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து திரும்பவும் வாசித்தேன். 69,830 மென்பொருள் பொதிகள். மையத்தில் லினக்ஸ் கர்னல் 6.12. ரிஸ்க்-ஃபைவ் என்ற சிப் வகைக்கு முதல் தடவையாக அதிகாரபூர்வ ஆதரவு. எல்லாம் சந்தோஷம்தான், ஆனால் பழைய 32 பிட் கம்பியூட்டருக்கு இனி இன்ஸ்டாலர் கிடையாது என்ற இடத்தில் மனசு நின்றுவிட்டது. டீச்சரின் பள்ளிக்கூட லேபில் இருப்பதெல்லாம் எந்தக் காலத்துச் சாமான் என்று கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 16, சனி

டெபியன் தினம். 1993இல் இதே நாளில்தான் இயன் மர்டாக் டெபியனைத் தொடங்குவதாக அறிவித்தார், இன்றைக்கு 32 வயது. பிரேசிலிலும் இந்தியாவிலும் கூடிக் கேக் வெட்டுகிறார்கள். ஹட்டனில் எனக்குத் தெரிந்து நானும் தம்பியும்தான். பனிஸ் வாங்கிச் சாப்பிட்டோம்.

கண்டியில் நடக்கப்போகும் கம்பியூட்டர் மாநாட்டுக்காரர்களுக்கு மெயில் அனுப்பிவிட்டேன். டெபியனைக் காட்ட ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு பிளக். வேறொன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 19

பதில் இல்லை.

ஆகஸ்ட் 27, புதன்

மேசை தருகிறார்கள்! இரண்டு நாளுக்கும். ஒக்டோபர் 11, 12.

மெயிலில் ஒரு கேள்வி: உங்கள் நிறுவனத்தின் சார்பில் வருபவர் யார், பதவி என்ன? இதற்கு என்ன எழுதுவது என்று பின்னேரம் முழுக்க யோசித்தேன். டெபியன் ஒரு நிறுவனமே இல்லை. பணம், சொத்து, டொமைன் பெயர் எல்லாவற்றையும் அமெரிக்காவில் பதிந்த எஸ்.பி.ஐ. போன்ற லாப நோக்கில்லாத அமைப்புகள் பொறுப்பாக வைத்திருக்கின்றன. விளம்பரப் பிரிவு இல்லை, விற்பனைக்கு ஆள் இல்லை. ஒரு மாநாட்டில் டெபியன் இருக்கிறதா இல்லையா என்றால், அந்த ஊரில் யாராவது லீவு போட்டுவிட்டு வந்து மேசைக்குப் பின்னால் நிற்கிறார்களா என்பதுதான் அதற்கு அர்த்தம். பிரஸ்ஸல்ஸில் ஃபோஸ்டெம் என்ற திறந்த மென்பொருள் மாநாடு வருசா வருசம் நடக்கிறது, ஒரு பல்கலைக்கழக வளாகத்தில், டிக்கெட்டும் இல்லை, பதிவும் இல்லை, யாரும் உள்ளே போகலாம். அங்கே போடுகிற டெபியன் மேசையிலும் நிற்பவர்கள் தாமாக வந்தவர்கள்தான். அங்கே ஆள் இருக்கிறது, சரி. இங்கே? கண்டிக்கு யாராவது கொழும்பிலிருந்து வருவார்கள் என்று காத்திருந்தால் வருவார்களோ இல்லையோ, வந்தாலும் சிங்களத்திலும் இங்கிலிஷிலும் பேசிவிட்டுப் போய்விடுவார்கள், தலவாக்கலையிலிருந்து வருகிற பிள்ளை ஒரு ஸ்டிக்கரை எடுத்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போகும். அந்தப் பிள்ளையாக நானே நின்றிருக்கிறேன். அதனால்தான் இந்த மேசை.

கடைசியில் ‘தன்னார்வலர், ஹட்டன்’ என்று எழுதி அனுப்பினேன்.

செப்டெம்பர் 4

அம்மாவின் கண்ணுக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள். ஒக்டோபர் 9, கண்டியில்தான். மாநாட்டுக்கு இரண்டு நாள் முந்தி. அம்மா கம்பளையில் சித்தி வீட்டில் தங்கட்டும், நானும் அங்கிருந்தே மேசைக்குப் போய்வரலாம் என்று சித்தி போனில் சொல்கிறார். கேட்கும்போது சுலபமாகத்தான் இருக்கிறது.

செப்டெம்பர் 12, வெள்ளி

டீச்சரின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். லேப் என்றால் ஒரு பழைய வகுப்பறை, ஜன்னலுக்குத் தார்ப்பாய். மெஷின்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். பாதிக்கு மேல் 64 பிட், கடவுளே என்று மூச்சு விட்டேன். மிச்சம் 32. அவற்றுக்கு டெபியன் 12 போடலாம், அதற்குப் பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறது, இன்ஸ்டாலரும் கிடைக்கிறது. அதற்குப் பிறகு என்ன என்று டீச்சர் கேட்டார். நியாயமான கேள்வி. 32 பிட்டைப் பராமரிக்க ஆள் குறைந்துவிட்டார்கள், சோதித்துப் பார்க்க மெஷினும் குறைந்துவிட்டது, அதனால் விட்டார்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த முடிவு எடுத்த மேசையில் தார்ப்பாய் கட்டிய லேப் ஒன்றும் இருந்திருக்காது. இதைக் கண்டிக்கு வருகிற டெபியன் டெவலப்பரான பெங்களூர்க்காரரிடம் சொல்லியே ஆக வேண்டும். கோபமாக அல்ல. கணக்கோடு.

செப்டெம்பர் 13

அவர் வருவது இன்னும் உறுதியில்லை.

செப்டெம்பர் 20, சனி

மென்பொருள் சுதந்திர தினம். 2004இல் தொடங்கியது, இப்போது செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை கொண்டாடுகிறார்கள். கடையில் கூட்டம், எதுவும் செய்யவில்லை.

பெங்களூர்க்காரரிடம் நான் வாங்க நினைக்கிற கையொப்பத்தைப் பற்றித் தம்பி கேட்டான்: ‘அக்கா, ஒரு கையெழுத்துக்கு ஏன் இவ்வளவு? வீடியோ கோலில் முகத்தைக் காட்டினால் போதாதா?’

டெபியனில் நான் திருத்துகிற பொதியை ஒவ்வொரு தடவையும் வேறொருவர்தான் சரிபார்த்து ஏற்றிவிட வேண்டும். அவர் நல்லவர், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, ஆனாலும் அவருக்கு நேரம் கிடைக்கும்வரை என் வேலை அப்படியே கிடக்கும். நானே ஏற்ற வேண்டுமென்றால் டெபியன் மெயின்டெய்னராக விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு, நான் அனுப்புவது என்னுடையதுதான் என்று காட்டுகிற என் டிஜிட்டல் சாவியில் ஏற்கெனவே உள்ளே இருக்கிற டெவலப்பரின் கையொப்பம் வேண்டும், அந்தக் கையொப்பத்துக்கு ஆளை நேரில் சந்தித்து, பாஸ்போர்ட்டைப் பார்த்து, அந்தச் சாவியின் அடையாளமான கைரேகை எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழக்கம். உலகம் முழுக்க சர்வர்களில் ஓடுகிற சாமான் இது, யார் கையால் உள்ளே போகிறது என்று தெரிந்திருக்க வேண்டாமா? இந்த விதியை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். மாநாடு என்ற ஒன்று எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதுதான் என் பதில். பேச்சையெல்லாம் வீடியோவில் பார்த்துவிடலாம், டெபியனின் வருடாந்த மாநாடான டெப்கொன்ஃபின் வீடியோக் குழு எல்லாவற்றையும் பதிந்து எல்லாருக்கும் திறந்துதான் விடுகிறது. கையொப்பத்துக்கு மட்டும் ஆள் வேண்டும்.

2023 செப்டெம்பரில் டெப்கொன்ஃப் கொச்சியில் நடந்தது. இதைவிடக் கிட்ட இனி எப்போது வரும்? அதற்காகவே பாஸ்போர்ட் எடுத்தேன். அதற்கு முந்திய வருசம்தான் டொலர் 200 சொச்சத்திலிருந்து 360 வரை போனது, கடையில் கடதாசி வாங்கவே கஷ்டம், டிக்கெட்டை நினைக்கவே முடியவில்லை. அடுத்த வருசம் பூசான், இந்த வருசம் பிரெஸ்ட், அடுத்தது ஆர்ஜன்டீனாவில் சாந்தா ஃபே. உதவித்தொகை கேட்கலாம், கேட்பேன். பாஸ்போர்ட்டில் இன்னும் ஒரு முத்திரையும் இல்லை.

செப்டெம்பர் 28

ஸ்டிக்கர் அடிக்கக் கொடுத்த இடத்தில் நிறத்தை மாற்றிவிட்டார்கள். டெபியனின் சின்னமான சுருளின் சிவப்பு கொஞ்சம் ரோசாப் பக்கம் சாய்ந்தது, 1999இலிருந்து அதுதான் அதன் அடையாளம். மெஷினில் நின்றவர் மை சரியில்லை என்று நினைத்து நல்ல குங்குமச் சிவப்பாக ஆக்கிவைத்திருந்தார், அதுவும் அன்பாகத்தான். சுற்றிச் சுற்றிப் போகிற அந்தக் கோடு தூரிகை இழுத்தது போலப் பிசிறாக இருக்க வேண்டும், இதில் அந்தப் பிசிறையும் துடைத்து மழுக்கிவிட்டிருக்கிறார்கள். திரும்ப அடிக்கச் சொல்லிவிட்டேன். பாதிக் காசு போச்சு. போகட்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது.

ஒக்டோபர் 1

சரஸ்வதி பூசை. கடையில் பிரிண்டருக்கும் மேசைக்குக் கொண்டுபோகும் இரண்டு லப்டொப்புக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். பெங்களூரிலிருந்து மெயில்: டிக்கெட் எடுத்துவிட்டாராம். 12ஆம் திகதி மட்டும் இருப்பார்.

ஒக்டோபர் 6, போயா

கடை பூட்டு. கைரேகைச் சீட்டுகள் தயார். 40 எழுத்து, நான்கு நான்காகப் பத்துத் தொகுதி, கீழே பெயரும் மெயிலும். ஒரு தாளில் பல சீட்டுகள் அடித்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து, நல்ல கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்துப் பார்த்து, கோடு பிசகாமல் கத்தரித்தார். இது என்ன லொத்தர் நம்பரா என்று கேட்டார். இது நான்தான் என்பதற்கு அத்தாட்சி என்றேன். ‘நீதான்னு சொல்ல எனக்குத் தெரியாதா?’ என்று சிரித்தார்.

ஒக்டோபர் 8

மழை. கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்து பஸ் சுற்றிப் போகிறது என்கிறார்கள், இல்லை என்கிறார்கள். நாளை விடிய அம்மாவோடு போக வேண்டும். சாமான் எல்லாம் இரட்டைப் பொலித்தீன் பையில்.

ஒக்டோபர் 9

ஆபரேஷன் முடிந்தது. நல்லபடி.

ஒக்டோபர் 10, வெள்ளி, கம்பளை

அம்மா தூங்குகிறார். நாலு மணித்தியாலத்துக்கு ஒருதரம் சொட்டு மருந்து. நாளைக்குச் சித்தி பார்த்துக்கொள்வார், ஆனாலும் கட்டு அவிழ்ந்த கண்ணைத் தேய்த்துவிடுவாரோ என்று பயமாகவே இருக்கிறது.

ஒரு லப்டொப்பில் டெபியன் 13 தமிழில் போட்டு வைத்திருக்கிறேன், மற்றதில் இன்ஸ்டாலர் மட்டும், மொழிப் பட்டியலில் நிற்கும்படி. தமிழும் சிங்களமும் இரண்டுமே பட்டியலில் உண்டு. இலங்கைத் தமிழுக்குத் தனி லோகேல், அதாவது மொழி-நாட்டு அமைப்புகூட இருக்கிறது. வருகிறவர்கள் முதலில் காண வேண்டியது அந்தப் பட்டியல்தான்.

ஒக்டோபர் 11, சனி

கால் வலி. ஆனாலும் எழுதாமல் படுக்க மாட்டேன்.

எங்கள் மேசை வாசலுக்குப் பக்கத்தில், பிளக் பொயின்ட் எட்டாத தூரத்தில். தம்பி வயர் இழுத்துச் சரிசெய்தான். எதிரே ஒரு பெரிய கம்பனியின் அரங்கு, திரை, இசை, பரிசுக் குலுக்கல். ஒரு மணித்தியாலம் எங்களிடம் யாருமே வரவில்லை. பிறகு வந்தார்கள் பாருங்கள், சாப்பிட நேரமில்லை.

முக்கால்வாசிப் பேருக்கு ஒரே கேள்வி: 14ஆம் திகதி வின்டோஸ் 10 முடிகிறது, என் மெஷினுக்கு 11 ஏறாதாம், குப்பையில் போட வேண்டியதா? டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை, இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியது, அவ்வளவுதான் அதன் குற்றம். நன்றாக ஓடுகிற மெஷின். ஒரு தகப்பன் மகளுடைய லப்டொப்பைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார், பேராதனையில் படிக்கிற பிள்ளை, கடனில் வாங்கியது. இன்ஸ்டால் பண்ணாமலே ஓடுகிற லைவ் பென் டிரைவில் டெபியனை ஏற்றிக் காட்டினோம், வைஃபை, கெமரா, சத்தம் எல்லாம் வேலை செய்தன, ஒன்றையும் அழிக்கவில்லை என்பதைத் திரும்ப வின்டோஸில் ஏற்றிக் காட்டிய பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. ‘காசு எவ்வளவு?’ என்றார். காசில்லை ஐயா என்றேன். நம்பவில்லை. ‘அப்போ உங்களுக்கு யார் சம்பளம் தருவது?’ யாரும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தார், அப்புறம் வெளியே போய் எங்கள் இருவருக்கும் தேத்தண்ணியும் வடையும் வாங்கிவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

வயதான சிங்கள ஐயா ஒருவர் ஹந்தான லினக்ஸ் சீடி பாவித்த காலத்தைச் சொன்னார். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸின் மேல் இங்கேயே கட்டி, இந்த ஹந்தானை மலையின் பெயரையே வைத்தார்கள். சுனாமிக்குப் பிறகு சஹானா என்ற அனர்த்த நிவாரண மென்பொருளை எழுதியதும் நம் நாட்டுப் பிள்ளைகள்தான், அதை எத்தனை நாடுகள் அனர்த்த நேரத்தில் பாவித்தன என்று பெருமையாகச் சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நம்மால் முடியாது என்று சொல்பவர்களை இவரிடம் அனுப்ப வேண்டும்.

பின்னேரம் மூன்று பெண்பிள்ளைகள், ஸ்கூல் ரிபன், பொகவந்தலாவைப் பக்கம். பட்டியலில் தமிழைப் பார்த்ததும் ஒருத்தி மற்றவளின் கையைக் கிள்ளினாள். ‘அக்கா, இதைத் தொடலாமா?’ தொடுங்கள், உடைத்தாலும் பரவாயில்லை, திரும்பப் போடலாம் என்றேன். போகும்போது ஒரு பென் டிரைவும் கடை நம்பரும் கொடுத்தேன். அவர்களுடைய லேபும் 32 பிட்டாக இருந்துவிடக்கூடாது.

சித்தி போன்: அம்மா கண்ணைத் தேய்க்கவில்லை.

ஒக்டோபர் 12, ஞாயிறு

வந்தார். தமிழ் பேசுகிறவர், அது எனக்குத் தெரியாது! சாப்பாட்டு நேரத்தில் மேசையிலேயே என் பாஸ்போர்ட்டையும் அம்மா கத்தரித்த சீட்டையும் கொடுத்தேன். எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொன்னார், நான் லப்டொப்பைப் பார்த்து வாசிக்க அவர் பேனையால் ஒவ்வொரு தொகுதிக்கும் டிக் போட்டார், பத்தும். இங்கே கையொப்பமிட மாட்டாராம், வீட்டுக்குப் போய்த் தன் சொந்த மெஷினில்தான் போடுவார், மெயிலில் வரும். அதுதான் சரியும்கூட.

32 பிட் கணக்கைச் சொன்னேன். நிறையக் கேட்டார், குறித்துக்கொண்டார். வாக்குறுதி ஒன்றும் தரவில்லை. பள்ளிக்கூட மெஷின்களின் மொடல் பட்டியலை அனுப்பச் சொன்னார், டீச்சரிடம் கேட்க வேண்டும்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

விடிந்ததிலிருந்து போன். மேசையில் நம்பர் வாங்கியவர்கள், அவர்களுடைய மச்சான்மார், ஒரு கிளாக்கர் ஐயா. தீபாவளி அட்வான்ஸில் புது லப்டொப் வாங்க நினைத்தாராம் ஒருவர், வேண்டாம், பழையதைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இன்றைக்கே வருகிறார். டீச்சர் பட்டியலில் பாதிதான் அனுப்பியிருக்கிறார். கையொப்ப மெயில் இன்னும் இல்லை. கடையில் ஆள் நிற்கிறது, மிச்சம் ராத்திரிக்கு