ஒரு மூச்சுக் கணக்கு

ஜூலை 14, திங்கள்

ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணமுடிகிறது என்று அப்பச்சியை எண்ணவைத்தேன். காலை 31. சாயங்காலம் 26.

ஜூலை 15, செவ்வாய்

அப்பச்சிக்கு மயஸ்தீனியாவா, அதாவது சொந்த ஆன்டிபாடியே (எதிர்ப்புப் புரதம்) தசையைத் துவளவைக்கும் நோயா, என்று பார்க்கும் ரத்த ரிப்போர்ட் வரவில்லை. போன் போட்டால் "சாம்பிள் வெளியூர் போயிருக்கு மேடம், ஒரு வாரமாகும்" என்கிறது அந்தப் பெண் குரல். என் லேபாக இருந்தால் ரெண்டு நாளில் முடித்திருப்பேன். ஆனால் சொந்த அப்பனின் ரத்தத்தை நானே பார்ப்பது சரியில்லை, கையும் நடுங்கும்.

இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் அப்பச்சியிடம் அந்தச் சோதனை எப்படி நடக்கும் என்று சொன்னேன். தைவான் பக்கத்துக் கட்டுவிரியன் ஒன்றின் விஷம் தசையிலுள்ள அசிட்டைல்கோலின் ஏற்பியை, அதாவது நரம்பு அனுப்பும் ரசாயனச் சேதியை வாங்கும் புரதத்தை, கவ்வினால் விடாது. அந்த விஷத்தில் கதிரியக்க அயோடினை ஏற்றி, ஏற்பியோடு சேர்த்து, அதில் நோயாளியின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) கலந்தால் ஏற்பியைத் தாக்கும் ஆன்டிபாடி எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிவிடலாம். அவர் அசரவே இல்லை. "நம்ம தோட்டத்துக் காவக்காரனக் கட்டுவிரியன் கடிச்சப்ப அவனுக்கும் மொதல்ல இமைதான் விழுந்துச்சு" என்றார். வகுப்பில் முக்கால் மணி நேரம் நடத்தும் பாடம் இது.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒண்ணு. கூழ் காய்ச்சினோம். மெல்ல வேண்டியதில்லை என்பதால் அப்பச்சி ரெண்டு கிண்ணம் குடித்தார்.

கோட்டையூரிலிருந்து அயித்தை வந்தார். பார்த்ததும் "இது பக்கவாதம்தேன், இல்லேன்னா கண்ணு பட்டிருக்கு" என்று முடிவே கட்டிவிட்டார். எனக்கு வீம்பு வந்துவிட்டது. ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸை எடுத்துத் துண்டில் சுற்றி, முகப்பில் எல்லாரும் பார்க்க அப்பச்சியின் இடது இமையில் வைத்து ரெண்டு நிமிஷம் பிடித்தேன். தண்ணீர் கன்னத்தில் வழிந்து வேட்டியை நனைத்தது. எடுத்ததும் இமை ஏறியிருந்தது. கருவிழியில் பாதியை மூடியிருந்தது மேலே போய் முழுக்கண்ணும் தெரிந்தது. அயித்தை கையெடுத்துக் கும்பிட்டார், ஐஸையா என்னையா தெரியவில்லை. குளிரில் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதி மந்தமாகிவிடும், அவ்வளவுதான் சங்கதி. சில நிமிஷத்தில் இமை பழையபடி இறங்கியது. அதற்குள் அயித்தை கிளம்பியிருந்தார்.

ஜூலை 20, ஞாயிறு

29, 23. வேகவேகமாக எண்ணி ஏமாற்றுகிறார். வட்டிக்கடையில் உட்கார்ந்த நாக்கு. நான் விரலால் தாளம் தட்டினால்தான் ஒழுங்காக எண்ணுகிறார்.

ஜூலை 21, திங்கள்

தூக்கமில்லை. முப்பதாம் தேதி ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு டெல்லிக் குழுவுக்கு முன்னால் ஆன்லைனில் பேசவேண்டும். ஸ்லைடுகளைத் திறந்தால் முதலில் வருவது அந்த முயல்கள்தான்.

1973. கலிபோர்னியாவில் சால்க் நிறுவனத்தில் பேட்ரிக்கும் லிண்ட்ஸ்ட்ரோமும் மின்விலாங்கிலிருந்து ஏற்பியைப் பிரித்தெடுத்து, அதற்கு ஆன்டிபாடி வேண்டுமென்று முயல்களுக்கு ஊசி போட்டார்கள். ஆன்டிபாடி வந்தது, கூடவே முயல்கள் துவண்டு விழுந்தன. மயஸ்தீனியாவுக்குக் கொடுக்கும் வகை மருந்தைக் கொடுத்ததும் தேறின. விலாங்கின் ஏற்பியை எதிர்க்கப் பிறந்த ஆன்டிபாடி முயலின் சொந்த ஏற்பியையும் அடித்திருக்கிறது. அந்தக் கட்டுரையைப் படித்த அன்றே என் வேலை முடிவாகிவிட்டது. கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். "எலி முயலெல்லாம் எதுக்காத்தா" என்று அப்பச்சி கேட்டார், அப்புறம் அவரே ஃபீஸ் கட்டினார்.

அதற்கு முன்னால் 1934இல் லண்டன் கிரீனிச்சில் மேரி வாக்கர் என்ற டாக்டர், இந்த நோய் தசையை முடக்கும் க்யூராரே விஷம் ஏறியது போலவே இருக்கிறதே என்று யோசித்து, அதன் முறிவான ஃபைசோஸ்டிக்மினை ஊசியாகப் போட்டார். இமை ஏறியது. பெரிய ஆராய்ச்சிக்கூடம் எதுவும் இல்லாமல், வார்டில் நின்றபடி கண்டுபிடித்தது. எனக்கு அந்த அம்மாள்மேல் எப்போதும் கொஞ்சம் பொறாமைதான். நான் வார்டுக்குப் போனதே குறைவு. எனக்கு வருவது மைனஸ் எண்பதில் உறைந்த சீரம், மேலே ஒரு எண். சாயங்காலமானால் அந்த எண்ணுக்கு என்ன ஆகும் என்று யாரும் எழுதி அனுப்புவதில்லை.

ஜூலை 22, செவ்வாய்

வந்துவிட்டது. பாசிட்டிவ், 9.8. 0.5ஐத் தாண்டினாலே பாசிட்டிவ். ஸ்கேனில், நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியில் கட்டி இல்லை, அந்த மட்டும் நிம்மதி.

"கூடவா, கொறச்சலா?" என்றார். இந்த எண்ணை வைத்து நோய் எவ்வளவு கடுமை என்று சொல்லமுடியாது அப்பச்சி, 50 இருக்கிறவர் வேலைக்குப் போவார், 2 இருக்கிறவர் வென்டிலேட்டரில் கிடப்பார் என்றேன். "அப்ப என்னத்துக்கு அந்தக் கணக்கு?"

அதைத்தான் முப்பதாம் தேதி சொல்லப்போகிறேன். ஆன்டிபாடி மூன்று விதமாக வேலை செய்கிறது: ஏற்பியை மறிக்கும், ரெண்டு ஏற்பிகளை இணைத்து செல்லுக்குள் இழுத்து அழிக்கவைக்கும், காம்ப்ளிமென்ட் என்ற ரத்தப் புரதக் கூட்டத்தைக் கூப்பிட்டு தசைச் சவ்வையே ஓட்டை போடும். மொத்த அளவை மட்டும் எண்ணினால் யார் எதைச் செய்கிறார்கள் என்று தெரியாது. தனித்தனியாக அளக்கப் பணம் கொடுங்கள், இவ்வளவுதான் என் மனு. குழுவில் ஒருவராவது அப்பச்சியைப் போலக் கேட்டால் பரவாயில்லை.

ஜூலை 24, வியாழன்

அமாவாசை. மதுரை டாக்டர் சொன்னபடி இன்று ஸ்டீராய்டு ஆரம்பம், 10 மில்லிகிராம். வெறும் வயிற்றில் போடக்கூடாது என்றால் விரதம் என்கிறார். இரண்டு பேருக்கும் குரல் ஏறி, கடைசியில் படையல் முடிந்து மதியத்துக்கு மேல்தான் மாத்திரை.

முதல் ரெண்டு வாரத்தில் சிலருக்கு நோய் கூடிவிட்டுத்தான் குறையும். இதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் சொன்னபோது அப்பச்சி சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 26, சனி

இருமல் என்று கடையில் தானே போய் மாத்திரை வாங்கி வந்திருக்கிறார். பார்த்தால் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்! சீட்டு கிடையாது, கேள்வி கிடையாது, எடுத்துக் கொடுத்துவிட்டான். மயஸ்தீனியாக்காரர்களுக்குக் கொடுக்கவே கூடாத வகை. ஒரு மாத்திரை உள்ளே போய்விட்டது. கூடாத மருந்துகளைப் பெரிய எழுத்தில் எழுதி ஒரு தாளைக் கடையில் கொடுத்தேன், இன்னொன்றைப் பட்டாலை பீரோவில் ஒட்டினேன். கடைக்காரன் "சரிங்க ஆச்சி" என்று சிரிக்கிறான்.

ஜூலை 27, ஞாயிறு

24, 20.

ஜூலை 28, திங்கள்

அந்த ஆன்டிபயாட்டிக்கா, ஸ்டீராய்டா, இருமலா, எண்ணிக்கை குறைந்தது எதனால் என்று பிரிக்கமுடியாது. ஆராய்ச்சிப் பேப்பராக இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க மூன்று கன்ட்ரோல் கேட்டிருப்பேன். இடியாப்பத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார், பால் மூக்கு வழியாக வந்தது. தலையணை ரெண்டு வைத்தும் படுக்கமுடியவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு எழுப்பி எண்ணச் சொன்னேன். 17. எல்லா மாணவர்களுக்கும் நான் சொல்லிக்கொடுத்தது, இருபதுக்குக் கீழே போனால் காத்திருக்காதே.

வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. நத்தம் வழியா, மேலூர் வழியா என்று டிரைவர் கேட்கிறார்.

ஜூலை 30, புதன்

ஐசியு வாசல். ஐவிஐஜி, அதாவது பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடியை நரம்பில் ஏற்றுவது, ஐந்து நாள், கிலோவுக்கு 0.4 கிராம், அவருக்கு நாளைக்கு 25 கிராம். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பிளாஸ்மாவைச் சேர்த்து எடுத்தது ஒரு பாட்டிலில். பில்லைப் பார்த்துவிட்டு அண்ணன் பினாங்கிலிருந்து "இதைத்தானே நீ படிச்சே?" என்கிறான். ஆமாம், இதைத்தான்.

குழுவிலிருந்து லிங்க் வந்தது. பதினொன்றரைக்கு மாடிப்படியில் உட்கார்ந்து பேசினேன். பன்னிரண்டு நிமிஷம் கொடுத்தார்கள், முயல் ஸ்லைடைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

குழாய் போடவில்லை, முகமூடி மட்டும். பேசக்கூடாது என்று தாளும் பேனாவும் கொடுத்திருக்கிறோம். வீட்டுக் கரண்ட் பில், ஆத்தா திவசம், தோட்டத்துக்காரனுக்குச் சம்பளம் என்று எழுதித் தள்ளுகிறார். அண்ணன் நாளைக்கு வருகிறான், அவனை இங்கே உட்காரவைத்துவிட்டு ஒரு நடை ஊருக்குப் போய் இன்ஷூரன்ஸ் பத்திரத்தை எடுத்து வரவேண்டும். ரெண்டாங்கட்டு மரப்பெட்டி, பச்சைக் கவர், சாவி