மெனிஸ்கஸ் கிழிசல்: எதைத் தைக்கலாம், எதை விட்டுவிடலாம்

மெனிஸ்கஸ் என்பது முட்டி மூட்டுக்குள் பாரத்தைத் தாங்கும் ஜவ்வு. அதைப் பற்றிய எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'கிரேடு 2' என்றிருந்தால் பயப்பட வேண்டாம். கிரேடு 1, 2 இரண்டும் ஜவ்வுக்குள்ளேயே நிற்கும் மாற்றங்கள். மேற்பரப்பைத் தொடும் கிரேடு 3-தான் கிழிசல். அதுவும் குறைந்தது இரண்டு படங்களில் தெரிந்தால்தான் உறுதியாக நம்பலாம்.

அடுத்த கேள்வி, கிழிந்தது எங்கே என்பது. பெரியவர்களுக்கு மெனிஸ்கஸின் வெளியோர மூன்றில் ஒரு பங்குக்குள்தான் ரத்த ஓட்டம் உண்டு. அங்கே தைத்தால் ஒட்டும். உள்விளிம்பில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

பிறகு கிழிந்த திசை. ஓரத்துக்கு இணையாக நீளவாக்கில் கிழிந்த துண்டு மூட்டுக்குள் புரண்டால் அது 'பக்கெட் ஹேண்டில்' (வாளிக் கைப்பிடி) கிழிசல். முட்டி பூட்டிக்கொள்ளும், காலை முழுதாக நீட்ட வராது. இதைத் தள்ளிப்போடக் கூடாது. நாளானால் துண்டு உருமாறி, பழைய இடத்தில் பொருந்தாது. குறுக்குக் கிழிசல் வெளியோரம் வரை போனால் மெனிஸ்கஸைச் சுற்றி ஓடும் வளைய இழைகள் அறுந்து, அது இருந்தும் பாரத்தைத் தாங்காது. பின்பக்க ரூட் (மெனிஸ்கஸ் எலும்போடு பிணையும் நுனி) எலும்பிலிருந்து பிய்ந்தாலும் அதே கதிதான். நடுத்தர வயதில், குத்தவைத்து எழும்போது முட்டிக்குப் பின்னால் 'டப்' என்று கேட்டு வலி தொடங்கினால் ரூட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

தேய்மானத்தால் வரும் படுக்கைவாட்டுக் கிழிசலுக்கு முதலில் உடற்பயிற்சிதான். 2013-இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வில், இத்தகைய கிழிசல் வெட்டி எடுக்கப்பட்டவர்களுக்கும் வெட்டுவதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கும் ஓராண்டில் வேறுபாடு இல்லை.

தைக்கும்போது முக்கியமான வேலை ஊசி போடுவதற்கு முன்பே இருக்கிறது. கிழிந்த இரு விளிம்புகளையும் அரம் போன்ற கருவியால் சுரண்டி ரத்தம் கசிய வைக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் தையல் நிற்கும், ஜவ்வு ஒட்டாது. தையல்களுக்கு இடையே 3 முதல் 5 மி.மீ. இடைவெளி போதும். பின்பகுதிக்கு மூட்டுக்குள்ளேயே முடிச்சு விழும் கருவி. நடுப்பகுதிக்கு உள்ளிருந்து வெளியே ஊசி. முன்பகுதிக்கு வெளியிலிருந்து உள்ளே. வெளிப்பக்க மெனிஸ்கஸின் பின்பகுதியில் ஊசியின் ஆழத்தைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். முட்டியின் பெரிய ரத்தக்குழாய் மிக அருகில் ஓடுகிறது. ரூட் பிய்ந்திருந்தால் கால் எலும்பில் துளையிட்டு, நூலை அதன் வழியே இழுத்து, முன்பக்கம் பட்டன் வைத்துக் கட்டுகிறோம். கால் வில்போல் வளைந்திருந்தால் அதையும் கணக்கில் எடுக்காமல் ரூட்டை மட்டும் சரிசெய்வது வீண்.

தைக்கவே முடியாத இடத்தில் தொங்கும் துண்டை மட்டும் வெட்ட வேண்டும். எஞ்சிய ஒவ்வொரு மில்லிமீட்டரும் குருத்தெலும்பைக் காக்கும்.

துண்டை வெட்டிக்கொண்டவர் பெரும்பாலும் அன்றே நடக்கலாம். தையல் போட்டுக்கொண்டவர் அப்படியல்ல. நீளவாக்குக் கிழிசலின் தையலுக்கு, முட்டியைப் பிடித்துவைக்கும் ப்ரேஸை நீட்டிய நிலையில் பூட்டிக் காலூன்றலாம். ரூட் தையலுக்கு 6 வாரம் பாரம் கூடாது, மடக்குவதும் 90 டிகிரிக்குள்தான். வலி குறைந்ததும் ஊன்றுகோலை வைத்துவிடுவதால்தான் பல நல்ல தையல்கள் பிரிகின்றன. சம்மணமும் குத்தவைப்பதும் குறைந்தது 4 மாதம் வேண்டாம். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையென்றால் அறுவைக்கு முன்பே கமோடு நாற்காலி வாங்கி வையுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சலோடு முட்டி சூடாக வீங்கினாலோ அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்காமல் அன்றே வாருங்கள்.