டெஸ்ட் ஓட்டப் போயி லைவ் டேட்டாபேஸ காலி பண்ண கதை

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல ஒரு கமிஷன் கடைக்கு கணக்கு ஆப் எழுதிக் குடுத்திருந்தேன். பிஹெச்பில ஆப் கட்ட உதவுற லாராவெல்ல எழுதுனது, கணக்கு இருக்குறது மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல, பெரிய வேலையெல்லாம் இல்ல, வெள்ளன உசிலம்பட்டி திருமங்கலம் பக்கமிருந்து மல்லி வந்து இறங்குறப்ப யாரு எத்தன கிலோ, என்ன ரேட்டு, கமிஷன் போக எவ்வளவு குடுக்கணும், அம்புட்டுதான். ஆவணில ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின நாளு காலைல ஏழு மணிக்கு கடைக்கார அண்ணன் போன் பண்ணி "தம்பி, ரெண்டு சீட்டுல கமிஷன் தப்பா கழியுது, என்னான்னு பாருங்க"ன்னாரு. ஒத்த வரிதான், மாத்தி சர்வர்ல ஏத்துனேன், அதோட விட்ருக்கலாம், எதுக்கும் டெஸ்ட்ட (ஆப் சரியா ஓடுதான்னு தானா சோதிக்கிற கோடு) அங்கயே ஒருக்கா ஓட்டிப் பாத்துருவோம்னு எண்டர தட்டிட்டேன்.

பாதி டெஸ்ட் 419ங்கிற எரரோட செவப்பா விழுந்துச்சு. இது என்னடா புதுசா இருக்குன்னு முழிச்சிக்கிட்டு இருக்கும்போதே திரும்ப போன். "தம்பி, வெளிய தள்ளிவிட்ருச்சு, பாஸ்வேர்டு போட்டா தப்புங்குது." உள்ள போயி பாத்தா டேபிள் பூராம் அப்படியே இருக்கு, ஒண்ணுலயும் ஒரு வரி இல்ல. வயித்தக் கலக்கிருச்சு.

நடந்தது இதுதான். டெஸ்ட்டுக்குன்னு பிஹெச்பி யூனிட் (டெஸ்ட்ட ஓட்டுற கருவி) ஃபைல்ல தனியா எஸ்க்யூலைட்ங்கிற சின்ன டேட்டாபேஸ், அதுவும் மெமரில மட்டும் இருக்குறதுன்னுதான் எழுதி வச்சிருந்தேன். ஆனா சர்வர்ல வேகத்துக்காக கான்ஃபிக் கேச் (செட்டிங் எல்லாத்தையும் முன்னாடியே படிச்சு சேத்து வச்ச ஃபைல்) போட்டிருந்தேன், கேச் இருந்தா லாராவெல் அந்த செட்டிங்க திரும்பிக்கூட பாக்காது, கேச்ல என்ன டேட்டாபேஸ் இருக்கோ அதத்தான் புடிக்கும், அதாவது கடை நெசமா பொழங்குற லைவ். டெஸ்ட்ல ரிஃப்ரெஷ் டேட்டாபேஸ்ங்கிற லாராவெல் வசதிய போட்டிருந்ததால எல்லா டேபிளையும் தூக்கிட்டு புதுசா கட்டிருச்சு. சர்வர்ல என்விரான்மெண்ட்ட (ஆப் எங்க ஓடுதுன்னு சொல்ற செட்டிங்) புரொடக்‌ஷன்னு வச்சிருந்தாலாவது டேபிள அழிக்கிற எடத்துல கேள்வி கேட்டு நின்னுருக்கும், நான் லேப்டாப்ல இருந்த ஈஎன்விங்கிற செட்டிங் ஃபைல அப்படியே காப்பி பண்ணி லோக்கல்னே விட்டு வச்சிருந்தேன். அந்த 419கூட கேச்சோட வேலைதான், டெஸ்ட் மோடுன்னு தெரியாததால ஃபார்ம் டோக்கன் (ஃபார்ம் நம்ம ஆப்ல இருந்துதான் வந்துச்சான்னு பாக்குற ரகசியக் குறி) கேட்டிருக்கு.

ராத்திரி எடுத்த டம்ப் (டேட்டாபேஸோட முழு காப்பி) இருந்துச்சு, ஏத்தியாச்சு. அன்னைக்கு காலைல போட்ட வரவு மட்டும் போச்சு. வண்டிய எடுத்துக்கிட்டு நேரா கடைக்கே போயி, கார்பன் சீட்டு புக்க வச்சு அண்ணன் வாசிக்க வாசிக்க நான் அடிச்சேன். பூவுல தெளிச்ச தண்ணி பட்டு ஒரு சீட்டுல மை ஊறிப்போயி 12 கிலோவா 17 கிலோவான்னு தெரியல, அந்த விவசாயிக்கே போன் போட்டு கேட்டோம். 17. (மைஎஸ்க்யூஎல் 8ல பைனரி லாக் (டேட்டாபேஸ்ல நடக்குற ஒவ்வொரு மாத்தத்தையும் குறிச்சு வைக்கிற ஃபைல்) சொல்லாமலே ஆன்லதான் இருக்கும், டம்ப்போட அதையும் வச்சு காலைல போட்டதையும் மீட்டிருக்கலாம்னு மறுநாள்தான் மண்டைல உறைச்சுது.)

அப்புறம் உக்காந்து ஒழுங்கா பிரிச்சேன். ரெண்டு டேட்டாபேஸுக்கும் ரெண்டு யூசர், டெஸ்ட் யூசருக்கு டெஸ்ட் டேட்டாபேஸ்ல மட்டுந்தான் கிராண்ட் (உரிமை). லைவ்ல ஆப் யூசருக்கு படிக்க, எழுத, திருத்த, வரிய அழிக்க மட்டும், டேபிள தூக்குற உரிமை கெடையாது. மைக்ரேஷனுக்கு (டேபிள கட்டுற, மாத்துற வேலை) மூணாவதா ஒரு யூசர், அதோட பாஸ்வேர்டு ஆப் கான்ஃபிக்லயே இல்ல. முன்னாடி ஃபைல பிரிச்சுட்டு டேட்டாபேஸ பிரிச்சுட்டதா நெனச்சுக்கிட்டு இருந்துருக்கேன். சர்வர்ல கம்போசர (பிஹெச்பி பேக்கேஜ் ஏத்துற கருவி) நோ டெவ் போட்டுதான் இன்ஸ்டால், அதாவது எழுதுறப்ப மட்டும் வேண்டிய பேக்கேஜ் ஏறாது, அங்க பிஹெச்பி யூனிட்டே இருக்காது.

எஸ்க்யூலைட்டையும் விட்டுட்டேன், லேப்டாப்லயும் மைஎஸ்க்யூஎல்தான். கொஞ்சம் மெதுவாத்தான் ஓடுது, பரவால்ல. மாத்துன அன்னைக்கே ஒண்ணு மாட்டுச்சு: கிலோ போடுற கட்டத்துல "3 முழம்"னு எழுத்தாப் போட்டாலும் எஸ்க்யூலைட் கம்முனு வாங்கி வச்சுக்கிட்டு இருந்துருக்கு, மைஎஸ்க்யூஎல் ஸ்ட்ரிக்ட் மோடு ஒடனே எரர் அடிச்சுருச்சு.

கடைசியா லேப்டாப்ல லைவ் மாதிரியே அதே உரிமையோட ஒரு செட்டப் பண்ணி, வேணும்னே கான்ஃபிக் கேச் போட்டு டெஸ்ட்ட ஓட்டுனேன். டிராப் கமாண்ட் டினைட்னு, அதாவது டேபிள தூக்க உரிமை இல்லன்னு நின்னுருச்சு. அண்ணன்கிட்ட இனிமே அப்படி ஆகாதுண்ணேன்னு சொன்னேன். சரி தம்பின்னாரு, ஆனா கார்பன் புக்க இன்னைக்கு வரைக்கும் விடல.