சிவப்பிக்கு 21 நாள்

ஜூன் 3
சாணம் அள்ளும்போது எங்கள் மாடு சிவப்பியின் வாலில் காய்ந்த இரத்தம். தவறவிட்டுவிட்டேன். இரத்தம் தெரிந்தால், மாடு காளை தேடுகிற வேட்கை முடிந்து ஒன்றிரண்டு நாளாகிவிட்டது, இனிச் சினை ஊசி போட்டுப் பயனில்லை. கன்று போட்டு நாலு மாதமாகப் போகிறது. அப்பா எழும்பி நடந்த காலத்தில் இப்படி ஒருதரமும் நடந்ததில்லை.

ஜூன் 4
அடுத்த வேட்கைக்கு 21 நாள். கலண்டரில் 22, 23 இரண்டையும் வட்டமிட்டேன்.

ஜூன் 9
அப்பா இன்றும் கஞ்சி குடிக்கவில்லை.

ஜூன் 15
சோளகக் காற்று தகரத்தைப் பிய்க்கிறது, நித்திரை இல்லை. ஒரு மாடு மற்றதில் ஏறும்போது விலகாமல் நின்று கொடுப்பதுதான் நிச்சயமான அடையாளம் என்கிறார்கள். சரி, நாள் முழுக்கக் கயிற்றில் நிற்கிற ஒற்றை மாட்டில் யார் வந்து ஏறுவது? எங்கள் ஊரில் முக்கால்வாசி மாடு இப்படித்தான் பூவரசிலும் கிளுவையிலும் கட்டிக்கிடக்கிறது. வேட்கை பாதி இரவில், விடியப்புறத்தில் வந்துபோய்விடும், சிலதுக்குக் கத்தலும் இல்லை. அவிழ்த்துவிட வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவிடம் அவர்களுடைய, இன்னும் கன்று போடாத நாகு மாட்டைக் கேட்கலாம்.

ஜூன் 22
பால் அரை லீற்றர் குறைவு. புண்ணாக்கை மோந்துவிட்டு விட்டுவிட்டது. அடிக்கடி சிறுநீர். எனக்கு நெஞ்சு இடிக்கிறது.

ஜூன் 23
நாலரைக்கு டோர்ச்சோடு போனேன். பிறப்புறுப்பு சிவந்து வீங்கி, கண்ணாடி மாதிரித் தெளிந்த வழும்பு அறாமல் நூலாய்த் தொங்கியது. நாகை வளவுக்குள் விட்டோம், அது ஏற, சிவப்பி அசையவே இல்லை! உள்ளே ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா கண்ணைத் திறக்காமலே, "இப்ப போடாதை தம்பி, பின்னேரம் போடச் சொல்லு" என்றார். அதுதான் கணக்கு, காலையில் கண்டால் மாலையில், மாலையில் கண்டால் மறுநாள் காலையில். முட்டை வெளிவருவது வேட்கை அடங்கிப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்துத்தான். ஐந்தரைக்கு ஊசி போட்டாயிற்று.

ஜூன் 25
வாலில் துளி இரத்தம். பயந்துபோனேன். சினை நின்றாலும் நிற்காவிட்டாலும் இது வருமாம், அப்பா சொன்னார். இன்று நாலு கரண்டி கஞ்சி.

ஜூலை 6
"நிண்டிட்டுதோ?" இன்றைக்கு மூன்றாம் தரம் கேட்கிறார்.

ஜூலை 13
நாளைக்கு 21.

ஜூலை 14
நாலு மணிக்கே போய்விட்டேன். படுத்து அசைபோடுகிறது. வாலைத் தூக்கிப் பார்த்தேன், காய்ந்திருக்கிறது. 24 நாள் வரைக்கும் பார்க்க வேண்டும். அப்பா கூப்பிடுகிறார்