கேமரா இல்லாமல் எடுத்த படங்கள்

மனநல மருத்துவமனையில் சேர்ந்த அன்று பதிவேட்டுக்காக என்னைப் படம் எடுத்தார்கள். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் விழித்த அந்த முகத்தை நான் மறக்க விரும்பினேன். ஆகவே, மூன்றாவது வாரத்தில் ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்வழிச் சிகிச்சைப் பிரிவில் புகைப்படப் பயிற்சி நடக்கும் என்று செவிலியர் சொன்னபோது, எனக்கு ஆர்வத்தைவிடத் தயக்கமே மிகுந்திருந்தது.

பிற நோயாளிகளின் முகம் பதிந்துவிடக் கூடாது என்பதால் வார்டுக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லை. அதனால் பயிற்சியாளர் தேர்ந்தெடுத்தது, ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த சயனோடைப் என்னும் நீல அச்சு முறை. இரண்டு இரும்பு உப்புகளின் கரைசலைத் தாளில் பூசி, இருட்டில் உலர்த்தி, கறுப்பு உறையில் வைத்து அவரே கொண்டுவந்திருந்தார். தாளின் மேல் ஒரு பொருளை வைத்து வெயிலில் காட்டிவிட்டுத் தண்ணீரில் அலசினால், வெளிச்சம் பட்ட இடம் நீலமாகும்; நிழல் விழுந்த இடம் வெள்ளையாக நிற்கும். கண்ணாடிக்குத் தடை என்பதால் அக்ரிலிக் தகட்டால் அழுத்திக்கொண்டோம்.

முதல் நாள் ஜன்னலோரச் சாய்வெயிலிலேயே முந்திரிக்கொட்டை போலத் தாளை எடுத்து அலசினேன். படம் முழுவதும் தண்ணீரோடு போயிற்று. மறுவாரம் முற்றத்தில், மஞ்சட்பச்சையாக இருந்த தாள் வெண்கலச் சாம்பல் நிறத்துக்கு மாறும்வரை, பெரணி இலை மேலிருந்த தகட்டைக் கையாலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். லித்தியம் மாத்திரையால் என் விரல்கள் நடுங்கும். ஆதலால் இலையின் ஓரம் இரட்டைக் கோடாகப் பதிந்திருந்தது. எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

பக்கத்துக் கட்டில் அக்கா செவிலியரிடம் கெஞ்சிக் காலி மாத்திரை அட்டை ஒன்றை வாங்கிவந்தார். தண்ணீருக்குள் மஞ்சள் கரைந்து ஓட, வெள்ளைச் செவ்வகத்துக்குள், அலுமினியத் தாள் கிழிந்த இடங்களில் மட்டும் பத்து நீல வட்டங்கள் தெளிந்தன. "நான் முழுங்கினதெல்லாம் இங்க இருக்கு பாருங்க" என்று அவர் சிரித்தார். அந்தப் படத்துக்கு என்ன பொருள் என்று ஒருவர் குறிப்பேட்டுடன் வந்து கேட்டது மட்டும் தேவையற்றதாகப் பட்டது.

1850களில் இங்கிலாந்தின் சர்ரே மாவட்ட மனநலக் காப்பகத்தில், முகத்தோற்றத்திலிருந்தே மனநோயை அறியலாம் என்று நம்பிய மருத்துவர் ஹியூ டயமண்ட் பெண் நோயாளிகளைப் படம்பிடித்ததைப் பயிற்சியாளர் ஒருநாள் சொன்னார். அந்தப் பெண்களிடம் யாராவது கேட்டார்களா என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம், எங்கள் அச்சுகளைத் தாழ்வாரத்தில் மாட்டுவதற்கான ஒப்புதல் படிவத்தை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கொடுத்தார். அக்கா வேண்டாம் என்று எழுதித் தம்முடையதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான் மாட்டச் சம்மதித்தேன். பெயருக்கான இடத்தை மட்டும் நிரப்பவில்லை.