ரிப்போர்ட் வரும்வரை

பிப்ரவரி 9
வியாழக்கிழமைதான் ரிப்போர்ட்டாம். அண்ணன் தூங்குகிறார். போனில் மறுபடியும் வில்லி ஃபாஸ்டரைப் பற்றிப் படிக்கிறேன்.

அமெரிக்க பேஸ்பாலில் கறுப்பர்களைப் பெரிய லீகுகள் சேர்க்காத காலத்து இடது கைப் பிட்சர், அதாவது பந்து வீசுபவர். அவருடைய அண்ணன் ரூப் ஃபாஸ்டர் 1920-இல் கறுப்பர்களுக்கென்று நீக்ரோ நேஷனல் லீகையே தொடங்கியவர். அப்பா ஒருவர், அம்மா வேறு. தன் சிகாகோ அமெரிக்கன் ஜயன்ட்ஸ் அணியில் இடம் கேட்டு வந்த தம்பியைத் திருப்பி அனுப்பினார். அப்புறம் மெம்பிஸ் ரெட் சாக்ஸ் அணியில் அவன் பேர் எடுத்ததும், லீக் தலைவர் என்ற அதிகாரத்தில் தன் அணிக்கே இழுத்துக்கொண்டார். வில்லிக்கு அந்தக் கோபம் லேசில் ஆறவில்லை. ஆறுமா? கடையில் இடமில்லை என்று என்னிடம் சொன்னவர்தானே என் அண்ணனும்.

பிப்ரவரி 10
இட்லியில் உப்பில்லை என்று நர்ஸிடம் சண்டை. தேறிவிடுவார்.

பிப்ரவரி 11
தூக்கம் வரவில்லை. 1926, லீக் பட்டத்துக்காக கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியுடன் ஆடிய தொடரின் கடைசி நாள். ஒரே நாளில் இரண்டு ஆட்டம், இரண்டிலும் ஜெயித்தாக வேண்டும். வில்லி முதல் ஆட்டத்தை 1-0 என்று முடித்தார். அடுத்ததற்கும் எதிரணியில் அதே பிட்சர் புல்லட் ரோகனே இறங்க, வில்லியும் இறங்கினார். 5-0. என் கல்லூரிப் பையன்களை இப்படி ஒரே நாளில் இரண்டு மேட்ச் போட விட்டால் பெற்றோர் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

அதே வருஷம்தான் ரூப் மனநிலை பாதிக்கப்பட்டு இல்லினாயில் காங்ககீ மருத்துவமனைக்குப் போனார். தம்பி ஜெயித்ததை யாராவது போய்ச் சொன்னார்களா? சொல்லியிருந்தாலும் மனதில் ஏறியிருக்குமா? 1930 டிசம்பரில் அங்கேயே போய்ச் சேர்ந்தார். இந்த நேரம் பார்த்து இதையா படிக்க வேண்டும்.

பிப்ரவரி 12
நாளை.

பிப்ரவரி 13
திங்களுக்குத் தள்ளிவிட்டார்கள். காரணம் கேட்டால் “சிஸ்டம்” என்கிறார்கள்.

பிப்ரவரி 15
1960-இல் வில்லி, தான் படித்த ஆல்கார்னுக்கே திரும்பினார். மிசிசிப்பியில் கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரி. ஆண் மாணவர்களின் டீன், பேஸ்பால் கோச், இரண்டும் அவரே. அணித் தேர்வு நாளில் ஒல்லிப் பையன் ஒருவன் வந்து நின்று, “சார், ஒரு சான்ஸ்” என்று கேட்டால் என்ன செய்திருப்பார்? எனக்கு அதுதான் தெரிய வேண்டும். சாதனைப் பட்டியல் யாருக்கு வேண்டும்.

“எவன்டா அவன், போனிலேயே கிடக்கிறே?” என்றார் அண்ணன். சொன்னேன். மருத்துவமனைக் கதையை மட்டும் விட்டுவிட்டேன்.

“பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் யாருக்கு முதல்ல?”

“அண்ணனுக்கு, 1981. தம்பிக்கு 1996-லதான்.”

“பார்த்தியா” என்று சிரித்தவர், இருமி இருமிப் படுத்துவிட்டார்.

பிப்ரவரி 17
ஒன்பது மணிக்கு என்றார்கள். ஒன்பதரை. அண்ணியை டீ குடிக்க அனுப்பியிருக்கிறேன். பெயரைக் கூப்பிடுகிறார்கள்